கொல்லிமலைச் செலவும் ஒரு பிடி சாமையும்

(மூன்றாம் ஆண்டு, இளங்கலை வரலாறு)

முன்னுரை

வரலாறு பயிலும் மாணவர்க்கு நூலகம் ஒரு கண் என்றால், நேரில் சென்று காண்பது மற்றொரு கண் ஆகும். இதனை உணர்ந்தே எங்கள் துறைப் பேராசிரியர்கள் ஆண்டுதோறும் ஒரு கல்விச் சுற்றுலாவுக்கு ஏற்பாடு செய்து வருகின்றனர். இம்முறை சுற்றுலா என்றதும் மாணவர் பலரும் கடற்கரையையே விரும்பினர். தரங்கம்பாடியில் டேனியர் 1620இல் கட்டத் தொடங்கிய கோட்டையைக் காணலாம், அப்படியே பிச்சாவரத்து உப்பங்கழியில் அலையாத்திக் காடுகளுக்கிடையே படகில் செல்லலாம் என்பது அவர்தம் வாதம். எங்கள் பேராசிரியர் பொறுமையுடன் கேட்டுவிட்டு, "கடல் எங்கும் போய்விடாது. கோட்டையும், அருவியும், படகு விடும் ஏரியும் நம் பக்கத்திலேயே உண்டு. சங்கப் புலவர் பாடிய மலை ஒன்றும் உண்டு. அதை உங்களில் எத்தனை பேர் பார்த்திருக்கிறீர்கள்?" என்று வினவினார். உயர்ந்த கைகள் மிகச் சில. ஆகவே கொல்லிமலை என முடிவாயிற்று.

ஐப்பசித் தொடக்கத்தில் இரண்டு நாள் மேற்கொண்ட அச்செலவில் நாங்கள் கண்டவற்றையும், அவற்றுள் ஒன்றைக் குறித்து என் உள்ளத்தில் எழுந்த எண்ணத்தையும் இக்கட்டுரையில் கூற விழைகின்றேன்.

நாமக்கல் மலைக்கோட்டை

மலையேறுமுன் காலையில் நாமக்கல்லை அடைந்தோம். ஊரின் நடுவே ஒரே பாறையாக ஏறத்தாழ 200 அடி உயரம் எழுந்து நிற்கும் குன்றின் உச்சியில் கோட்டை அமைந்துள்ளது. பாறையிலேயே வெட்டப்பட்ட படிகளில் கைபிடித்து ஏற வேண்டும். முதலாம் மைசூர்ப் போரின்போது 1768இல் ஆங்கிலேயர் இக்கோட்டையைப் பிடித்தனர். அதே ஆண்டில் ஐதரலியிடம் இழந்தனர். ஓராண்டுக்குள் இருமுறை கைமாறிய கோட்டை என்பதிலிருந்தே, சமவெளியையும் சாலைகளையும் கண்காணிக்க இக்குன்று எவ்வளவு தேவைப்பட்டது என்பது விளங்கும்.

கோட்டையினும் பழமை வாய்ந்தவை குன்றின் இருபுறமும் குடையப்பட்ட நரசிம்மர், அரங்கநாதர் குடைவரைகள். ஏறத்தாழ எட்டாம் நூற்றாண்டில் அதியமான் மரபினர் எடுப்பித்தவை இவை. அரங்கநாதர் குடைவரையைக் கல்வெட்டு 'அதியேந்திர விஷ்ணுகிருகம்' எனக் குறிக்கின்றது. தகடூரை ஆண்ட அதியமான் மரபு சங்க காலத்திற்குப் பின்னரும் இப்பகுதியில் செல்வாக்குடன் விளங்கியதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

கோட்டை மதிலில் நின்று வடகிழக்கே நோக்கினால் நீலநிறச் சுவர்போல் ஒரு மலைத்தொடர் தெரிகின்றது. அதுவே நாங்கள் ஏற வேண்டிய கொல்லிமலை.

எழுபது வளைவுகள்

கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி கொல்லிமலை. 1997 சனவரி 1 அன்று சேலம் மாவட்டத்தினின்று பிரிக்கப்பட்ட நாமக்கல் மாவட்டத்தில் அடங்கியது. வடக்குத் தெற்காக ஏறத்தாழ 29 கிலோமீட்டர் நீளமும், கிழக்கு மேற்காக 19 கிலோமீட்டர் அகலமும் உடையது. மலைமேல் உள்ள நிலப்பரப்பின் உயரம் பெரும்பாலும் 1000 முதல் 1300 மீட்டர்.

சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி வழியாக அடிவாரமான காரவள்ளியை அடைந்ததும் பேருந்து ஏறத் தொடங்கியது. அடிவாரம் முதல் மேல்வரை 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் எண் எழுதிய பலகை உண்டு. முதல் இருபது வளைவுவரை பாட்டும் கைதட்டுமாக வந்த மாணவர் கூட்டம், முப்பதாவது வளைவில் அமைதியாயிற்று. நாற்பதில் எலுமிச்சம்பழத்தைத் தேடியது. கீழே முட்செடியும் வறண்ட காடும்; மேலே செல்லச் செல்ல மரங்கள் உயர்ந்து, காற்று குளிர்ந்தது. ஒரே மணி நேரத்தில் இருவேறு நாடுகளைக் கடந்து வந்தாற்போன்ற உணர்வு தோன்றியது.

எழுபதாம் வளைவு முடிந்ததும் கூர்மையான சிகரம் ஒன்று இருக்கும் என்று எதிர்பார்த்தோர் வியந்தனர். மேலே மேடும் பள்ளமுமாகப் பரந்த நிலம். பள்ளங்களில் நெல்வயல், சரிவுகளில் புன்செய், மேடுகளில் வீடுகள். சவுக்குமர வேலைப்போல் உயர்ந்து நின்ற சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி படர்ந்திருந்தது. அவற்றின் நிழலில் காப்பிச் செடிகள். அன்னாசியும் பலாவும் மலைவாழையும் சோளக்காட்டுச் சந்தையில் குவிந்திருந்தன. அங்கிருந்து மலையின் தலைமை ஊரான செம்மேட்டை அடைந்து தங்கினோம்.

ஓரியின் மலை

செம்மேட்டில் வில்லேந்திய வல்வில் ஓரியின் சிலை நிற்கின்றது. கடையெழு வள்ளல்களுள் ஒருவனான ஓரி இம்மலையை ஆண்டவன். வன்பரணர் புறநானூற்றில் அவனைப் பாடியுள்ளார். ஓரி எய்த ஒரே அம்பு யானையை வீழ்த்தி, புலியின் வாயைத் துளைத்து, மானை உருட்டி, பன்றியைச் சாய்த்து, புற்றிலிருந்த உடும்பில் சென்று தைத்தது என்பது அவர் தரும் காட்சி. இது புலவரின் உயர்வுநவிற்சி என்று கொண்டாலும், மலைக்காட்டில் அன்று வாழ்ந்த விலங்குகளின் வரிசையை அதில் காண்கின்றோம் என்று எங்கள் தமிழ்ப் பேராசிரியர் விளக்கினார்.

ஓரியின் முடிவு துயரமானது. திருக்கோவலூரை ஆண்ட மலையமான் திருமுடிக்காரி அவனைக் கொன்று, கொல்லிமலையைச் சேரனுக்குக் கொடுத்தான். கல்லாடனாரின் அகநானூற்றுப் பாடலால் இச்செய்தி அறியப்படுகின்றது. வள்ளல் ஒருவனை மற்றொரு வள்ளல் கொன்றது ஏன்? மிளகும் தேனும் பலாவும் விளையும் வளமான மலை; சேரநாட்டுக்கும் தகடூருக்கும் மலையமான் நாட்டுக்கும் இடையே அமைந்த மலை. இவ்விடத்தைக் கைக்கொள்ள மூவேந்தருள் ஒருவன் விரும்பியதில் வியப்பில்லை.

ஆண்டுதோறும் ஆடிப்பெருக்கையொட்டி அரசின் சார்பில் வல்வில் ஓரி விழா இங்கு நடைபெறுகின்றது. கொல்லிப்பாவையும் இம்மலைக்கு உரியதே. காண்போரைப் புன்னகையால் மயக்கிக் கொல்லும் தெய்வப்பாவை என அதனைக் கூறுவர். தலைவியின் அழகுக்கு அப்பாவையைச் சங்கப் புலவர் உவமை கூறினர். இன்று மலைமக்கள் எட்டுக்கை அம்மனையே கொல்லிப்பாவையாகப் போற்றி வழிபடுகின்றனர்.

அறப்பள்ளியும் ஆகாய கங்கையும்

மறுநாள் காலை வளப்பூர் நாட்டிலுள்ள அறப்பளீசுவரர் கோயிலுக்குச் சென்றோம். தேவாரத்தில் 'அறப்பள்ளி' என வைத்துப் பாடப்பெற்ற வைப்புத்தலம் இது. அம்பலவாணக் கவிராயர் இயற்றிய அறப்பளீசுர சதகம் இக்கோயில் இறைவனை விளித்தே பாடப்பட்டது. அருகில் ஓடும் ஐயாற்றில் மீன்கள் கூட்டம் கூட்டமாகத் திரிகின்றன. அறுத்துச் சமைத்த மீன்கள் இறைவன் அருளால் மீண்டும் பொருந்தி நீந்தின என்பது தலக்கதை. அதனால் இங்கு மீன் பிடிப்பாரில்லை. பொரி இடுவோரே உளர்.

கோயிலுக்கு அப்பால் ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்கினால் ஆகாய கங்கை. ஏறத்தாழ 300 அடி உயரத்திலிருந்து ஐயாறு செங்குத்தாக விழுகின்றது. மழைக்காலத் தொடக்கம் ஆதலின் நீர் பெருகியிருந்தது. அருவியை அணுகுமுன்பே சாரல் ஆடையை நனைத்துவிட்டது. இங்கு விழுந்த நீர் மலையின் கீழ்ப்புறம் இறங்கித் திருச்சி மாவட்டத்துப் புளியஞ்சோலையை அடைகின்றது. இறங்கியபோது எளிதாக இருந்த படிகள் ஏறியபோது தம் எண்ணிக்கையை உணர்த்தின. படகுச் செலவை விரும்பிய நண்பர்களுக்காக மாலையில் வாசலூர்பட்டி ஏரியில் படகும் விட்டோம்.

மலைமக்களும் நாடுகளும்

இம்மலையில் வாழ்வோர் பெரும்பாலும் மலையாளிப் பழங்குடியினர். பெயரைக் கேட்டுச் சிலர் கேரளத்தினர் என எண்ணுவதுண்டு. அது பொருந்தாது, மலையை ஆள்பவர் மலையாளி. அவர்கள் பேசுவது தமிழே. காஞ்சியிலிருந்து வந்த மூன்று உடன்பிறந்தாரின் வழியினர் தாங்கள் என்றும், அவர்கள் வெவ்வேறு மலைகளில் குடியேறினர் என்றும் அவர்தம் வாய்மொழிக் கதை கூறும்.

மலை பல 'நாடு'களாகப் பகுக்கப்பட்டுள்ளது. வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு, அரியூர் நாடு, தின்னனூர் நாடு, சேளூர் நாடு, குண்டூர் நாடு என்பன அவற்றுட் சில. 'ஊர்', 'நாடு' என்ற சோழர் காலப் பகுப்பைப் பாடநூலில் மனப்பாடம் செய்த எங்களுக்கு, பேருந்தின் பெயர்ப்பலகையில் 'நாடு' என்ற சொல்லைக் கண்டது பெருமகிழ்ச்சி அளித்தது. இன்றைய ஊராட்சிகள் 14உம் இந்நாடுகளின் பெயர்களையே தாங்கியுள்ளன.

சாமையும் மரவள்ளியும்

எங்களுடன் பயிலும் மாணவர் ஒருவர் வளப்பூர் நாட்டைச் சேர்ந்தவர். அவர் வீட்டில்தான் இரண்டாம் நாள் நண்பகல் உணவு. வீட்டுத் திண்ணையின் ஓரத்தில் மூங்கிலால் பின்னி, மண்ணும் சாணமும் மெழுகிய ஆளுயரத் தொம்பை ஒன்று நின்றது. உள்ளே என்ன என்று கேட்டேன். "வெறும் தொம்பைதான். முன்பு சாமை கொட்டி வைப்போம்" என்றார் நண்பர். நான் வரலாற்றுச் சின்னம் என்று கருதத் தொடங்கியது அந்த வெறுந்தொம்பையிலிருந்துதான்.

சங்க இலக்கியக் குறிஞ்சி நிலத்தின் உணவு தினையும் தேனும் என்று படித்திருக்கின்றோம். தினைப்புனம் காக்கும் தலைவியையும் கதிர் கவரும் கிளியையும் அறியாத தமிழ் மாணவர் இல்லை. அந்தத் தினையைக் கொல்லிமலையில் ஒருவகையாக அன்றிப் பலவகையாகப் பயிரிட்டு வந்துள்ளனர். செந்தினை, பெருந்தினை, மூக்கந்தினை என வகைக்கொரு பெயர். 'பெருந்தினை' என்றதும் இலக்கண வகுப்பை நினைத்துச் சிரித்தோம். நண்பரின் பாட்டியோ அது கதிர் பெரிதாக இருப்பதால் வந்த பெயர் என்று கையை நீட்டிக் காட்டினார். சாமையிலோ இன்னும் மிகுதி: வெள்ளைப்பெருஞ்சாமை, கரும்பெருஞ்சாமை, திரிகுலாசாமை, மல்லியசாமை, கட்டவெட்டிச்சாமை. கேழ்வரகை மலையில் கேவுரு என்பர். அதிலும் பெருங்கேவுரு, அரிசிக் கேவுரு, சுண்டாங்கிக் கேவுரு எனப் பல.

இத்தனை வகை எதற்கு என்று வினவலாம். ஒன்று விரைவில் விளையும், மற்றொன்று தாமதமாக விளையும். ஒன்று சரளை மண்ணைத் தாங்கும், மற்றொன்று நல்ல நிலத்தில் மிகுதியாகத் தரும். ஒன்று சோற்றுக்கு ஏற்றது, மற்றொன்று களிக்கு ஏற்றது. ஒரு மழை பொய்த்தால் ஒரு வகை போகும், எல்லாம் போகா. நிலத்தின் தன்மையையும் மழையின் போக்கையும் பல தலைமுறை உழவர் கண்டறிந்து, அந்த அறிவை விதையில் சேர்த்து வைத்தனர். எழுத்தில் இல்லாத நூலகம் அது.

இன்று சரிவுகளில் பெரும்பகுதி மரவள்ளி. சேலம், நாமக்கல் பகுதிகளில் சவ்வரிசி, மாவு ஆலைகள் பெருகியதால் கிழங்குக்கு எப்பொழுதும் வாங்குவோர் உண்டு. இத்தொழில் எவ்வளவு வளர்ந்தது எனின், உற்பத்தியாளர்களுக்கென 1981இல் சேலத்தில் 'சேகோசர்வ்' என்னும் கூட்டுறவுச் சங்கமே அமைந்தது. சாமையை விற்றால் கிடைப்பதைவிடக் கிழங்கில் கையில் காசு மிகுதி. அந்தக் காசுதான் பிள்ளைகளைப் படிக்க வைக்கின்றது. என் நண்பர் நம் கல்லூரியில் பயில்வதும் அதனால்தான். மேலும், நியாயவிலைக் கடையில் 2008இல் அரிசி கிலோ ஒரு ரூபாய் ஆயிற்று. 2011 சூன் முதல் விலையின்றியே வழங்கப்படுகின்றது. பசியை விரட்டிய இத்திட்டம் போற்றத்தக்கது. ஆயின் வீட்டில் அரிசி இருக்கும்போது சாமை விதைக்க வேண்டிய கட்டாயம் இல்லாது போயிற்று.

மரவள்ளியைப் பழிப்பது எளிது. மலைமக்கள் பழைய பயிரையே கட்டிக்கொண்டு ஏழையாக இருக்க வேண்டும் என்று கீழே வாழும் நாம் கூறுதல் அறமாகாது. எனினும் இழப்புகளையும் எண்ணிப் பார்க்க வேண்டும். கிழங்கைப் பிடுங்கும்போது சரிவின் மண் இளகி மழையில் அடித்துச் செல்லப்படுகின்றது. ஆலையில் விலை வீழ்ந்தால் கிழங்கைத் தொம்பையில் சேர்த்து வைக்க இயலாது. உணவுச் சத்திலும் வேறுபாடு பெரிது. 100 கிராம் கேழ்வரகில் சுண்ணாம்புச் சத்து 340 மில்லிகிராமுக்கு மேல் உள்ளது. தீட்டிய அரிசியில் 10 மில்லிகிராம் அளவே.

உலக்கை சொன்ன செய்தி

"சாமை அவ்வளவு நல்லது என்றால் ஏன் விட்டீர்கள் பாட்டி?" என்று நான் கேட்டேன். அவர் முகத்தில் சினம் இல்லை. சிறு சிரிப்பே இருந்தது.

"சாமைச் சோறு தின்னா மத்தியானம் வரைக்கும் பசிக்காது கண்ணு. தின்கிறவங்களுக்கு ருசிதான். குத்துறது யாரு? கோழி கூப்பிட எந்திரிச்சு ஒலக்கையைப் புடிச்சா, பொழுது விடிஞ்ச பொறவுதான் கீழ வைப்பேன். காயப் போடணும், குத்தணும், பொடைக்கணும், மறுபடி குத்தணும். அதுக்கப்புறம் காட்டு வேலை. என் மருமவளுக்கு அந்தப் பாடு வேண்டாம்னு நான்தான் சொன்னேன்" என்றார்.

இதைக் கேட்டபின் கூட இருந்த மாணவர் எவரும் சிறிது நேரம் பேசவில்லை. கேழ்வரகை அப்படியே அரைத்துவிடலாம். சாமைக்கு உமி கடினம். உரலில் பலமுறை குத்தி முறத்தில் புடைத்தாலன்றி அரிசி வாராது. அவ்வேலை முழுவதும் பெண்களின் தோளில் விழுந்தது. சாமையின் வீழ்ச்சிக்குச் சந்தையையும் அரிசியையும் காரணமாகக் கூறுவோர் பலர். உலக்கையும் ஒரு காரணம் என்பதை அந்த அம்மையாரிடமே நான் கற்றேன். மரபைக் காக்க வேண்டும் என்று மேடையில் முழங்குவோர், அம்மரபின் பாரத்தை யார் சுமந்தார் என்று கேட்பதில்லை.

இவ்வுண்மையை உணர்ந்து செயற்பட்டோரும் உளர். வேளாண் அறிஞர் எம். எஸ். சுவாமிநாதன் 1988இல் சென்னையில் நிறுவிய ஆராய்ச்சி நிறுவனம் 1990களிலிருந்து கொல்லிமலையில் சிறுதானியப் பாதுகாப்புப் பணியில் ஈடுபட்டது. விதைகளைத் திரட்டி ஊர்தோறும் விதை வங்கி அமைத்ததோடு அந்நிறுவனம் நிற்கவில்லை. சாமையின் உமி நீக்கும் பொறிகளை ஊர்களில் நிறுவி, அவற்றை மகளிர் குழுக்களிடம் ஒப்படைக்க உதவியது. வரிசை விதைப்பைக் கற்பித்து விளைச்சலைக் கூட்டவும், தானியத்தைப் பொதியிட்டு நகரில் விற்கவும் வழிகாட்டியது. பழமையான விதையைக் காப்பாற்றப் புதிய பொறி துணையாயிற்று. ஐக்கிய நாடுகள் அவை 2023ஆம் ஆண்டைப் பன்னாட்டுச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. நகரத்துக் கடைகளில் இன்று சாமையும் தினையும் அரிசியினும் மிகுந்த விலைக்கு விற்கின்றன. அவ்விலையில் ஒரு நல்ல பங்கு மலைக்கு ஏறுமானால் சரிவுகளில் சாமை மீண்டும் தலைநிமிரும்.

புறப்படும்போது நண்பரின் பாட்டி உள்ளே சென்று, பழந்துணியில் முடிந்த ஒரு சிறு மூட்டையைக் கொண்டுவந்தார். நொச்சித் தழையோடு கட்டி வைத்த மல்லியசாமை விதை. தொம்பை வெறுமையானாலும் அவர் ஆண்டுதோறும் வீட்டுக் கொல்லையில் நாலு முழ இடத்தில் அதை விதைத்து, அறுத்து, மீண்டும் முடிந்து வைக்கின்றாராம். எதற்கு என்று கேட்டோம். "அத்துப் போவக்கூடாதில்ல" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார்.

முடிவுரை

இச்செலவில் கோட்டை, குடைவரை, கோயில், அருவி ஆகியவற்றைக் கண்டோம். இவற்றைக் காக்கத் தொல்லியல் துறையும் அறநிலையத் துறையும் வனத்துறையும் உள்ளன. ஓரிக்குச் சிலை உண்டு, விழா உண்டு. ஓரியின் குடிமக்கள் உண்ட தானியத்துக்கோ ஒரு மூதாட்டியின் துணி முடிச்சே காவலாக உள்ளது. கல் உடைந்தால் ஒட்டலாம். ஏடு அழிந்தால் படி இருக்கலாம். விதை ஒருமுறை முளைக்கும் திறனை இழந்தால் மீட்க முடியாது.

ஆகவே இக்கட்டுரையைப் படிக்கும் ஆசிரியப் பெருமக்களுக்கும் மாணவ நண்பர்களுக்கும் மூன்று வேண்டுகோள்களை வைக்கின்றேன். நம் கல்லூரி விடுதியில் வாரம் ஒருநாள் சாமைச் சோறோ கேழ்வரகுக் களியோ வழங்கலாம். அத்தானியத்தை மலையின் மகளிர் குழுவிடமே வாங்கலாம். வரலாற்றுத் துறையும் தாவரவியல் துறையும் இணைந்து, மலையூர்களில் வழங்கும் விதைப் பெயர்களையும் அவற்றின் இயல்புகளையும் முதியோர் வாய்மொழியாகக் கேட்டு ஒரு குறிப்பேடு தொகுக்கலாம். மலையூர்களிலிருந்து இங்கு வந்து பயிலும் நண்பர்கள், விடுமுறையில் வீடு செல்லும்போது பாட்டியிடம் ஒரு பிடி விதை கேட்டுக் கொல்லையில் தூவலாம்.

இவற்றுள் முதலாவதை விடுதிக் குழு இவ்வாண்டே ஆய்வு செய்ய இசைந்துள்ளது. இரண்டாவதற்கு மாணவர் பதினொருவர் பெயர் கொடுத்துள்ளோம். மூன்றாவதை என் நண்பர் ஏற்றுக்கொண்டார். வரும் ஆடியில் அந்த நாலு முழ இடம் பத்து முழமாகும் என்று உறுதி கூறியிருக்கின்றார்.